திருத்தணிப் படிகளும் இரண்டு மொழி இட்டரேட்டரும்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31-ம் தேதி படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, பாடிக்கொண்டே ஏறுவார்கள். மொத்தப் படிகளையும் யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. நிற்கிற படியும் அடுத்த படியும் தெரிந்தால் போதும். கணினி நிரலில் இட்டரேட்டர் என்பதும் இதுதான். பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக அடுத்ததை எடுத்துத் தரும்.

சிக்கல் இரண்டு மொழிகள் சேரும்போதுதான். 1960-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். கடைகளில் இரண்டிலும் விலை சொல்வார்கள். சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கும் பைதானுக்கும் நடுவே அப்படி ஒரு ஆள் வேண்டும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் தொடக்கம், முடிவு என்று இரண்டு குறிகள். தொடக்கக் குறி நகர்ந்து நகர்ந்து முடிவைத் தொட்டால் வேலை முடிந்தது. பைதானிலோ, 2001-ல் வந்த 2.2 பதிப்பிலிருந்து, "அடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே போகலாம்; தீர்ந்துவிட்டால் 'ஸ்டாப் இட்டரேஷன்' என்று பதில் வரும். நடுவில் இருக்கும் ராப்பர், அந்த இரண்டு குறிகளையும் தன்னிடம் வைத்துக்கொண்டு பைதானுக்குப் பதில் சொல்கிறது.

"எதற்கு இந்தத் தலைவலி? மொத்தத்தையும் பைதான் லிஸ்ட்டாக நகல் எடுத்தால் ஆயிற்று" என்பவர்கள் உண்டு. நூறு பில் என்றால் சரிதான். ஒரு கோடி வரவு செலவு வரிகள் இருந்து, முதல் பத்து மட்டும் வேண்டுமென்றால்? அத்தனையையும் நகலெடுப்பது வீண் செலவு.

ஆனால் ராப்பரிலும் ஒரு குழி இருக்கிறது. சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் பட்டியல் அழிந்துபோனால், பைதான் கையில் இருக்கும் இட்டரேட்டர் இல்லாத படியில் கால் வைக்கும். நிரல் உடனே நின்றுபோனால் அதிர்ஷ்டம். நிற்காமல் ஏதோ குப்பை எண்ணைத் தந்தால் கூட்டுத்தொகை தப்பாகும்... யாருக்கும் தெரியாது. பைபைண்ட்11-ல் இதற்காகவே 'கீப் அலைவ்' இருக்கிறது. இட்டரேட்டர் உள்ளவரை பட்டியலையும் உயிரோடு வைத்திருக்கும். ஆனால் நடுவில் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, அது நினைவகத்தில் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டால் அதுவும் காப்பாற்றாது.

ஆகவே ராப்பர் எழுதுகிறவர் மொழிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பட்டியல் யாருடையது, எதுவரை இருக்கும், நடுவில் மாற்றலாமா என்ற மூன்றையும் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். முடியாதென்றால் பேசாமல் நகலே எடுக்கலாம். வேகமான தப்புக் கணக்கைவிட மெதுவான சரியான கணக்கு மேல். பி.காம். படிக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்!