அட்டோர்வாவா, ரோசுவாவா? கொலஸ்ட்ராலை எந்த மாத்திரை அதிகம் குறைக்கும்?

"ரிப்போர்ட் நார்மல்னு வந்துருச்சு, இனி மாத்திரை எதுக்கு?" "அவருக்கு ரோசுவா, எனக்கு மட்டும் ஏன் அட்டோர்வா?" ஸ்டாட்டின் எடுத்துக்கொள்ளும் பலரும் கேட்கும் கேள்விகள் இவை.

ஸ்டாட்டின் என்ன செய்கிறது?

கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது. கல்லீரலில் அதற்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. அங்கே தட்டுப்பாடு வந்ததும், ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் இழுத்துக்கொள்கிறது.

எது, எவ்வளவு?

தோராயமாக, எல்டிஎல் அளவை அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 35 முதல் 40 சதவீதம் குறைக்கும். ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. சுமார் 45 சதவீதம் குறைக்கும். அட்டோர்வா 80, ரோசுவா 20 என்றால் பாதியாகவே குறையும். பழைய சிம்வாஸ்டாட்டினும் பிரவாஸ்டாட்டினும் இவற்றைவிட வீரியம் குறைந்தவை.

டோஸை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகுமா? ஆகாது. கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். எல்டிஎல் 160 இருப்பவருக்கு அட்டோர்வா 10-ல் அது சுமார் 100-க்கு வரும் என்றால், 20-ல் 90-க்குத்தான் வரும்.

அப்போ ரோசுவாதான் பெஸ்ட்டா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தென் கொரியாவில் இதயத் தமனி நோயுள்ள 4,400 பேரிடம் நடந்த லோட்ஸ்டார் ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. ரோசுவா பிரிவில் எல்டிஎல் சற்றே அதிகம் குறைந்தது. ஆனால் 3 ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரு பிரிவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புதிதாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து தொடங்கியவர்கள் ரோசுவா பிரிவில் 7.2 சதவீதம், அட்டோர்வா பிரிவில் 5.3 சதவீதம்.

ஆக, மாத்திரையின் பெயரைவிட முக்கியம் இலக்கு. இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல்படி, பொதுவாக எல்டிஎல் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே.

நார்மல் ஆனால் நிறுத்தலாமா?

அந்த நார்மலே மாத்திரையால் வந்ததுதான். நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய அளவுக்கே ஏறிவிடும். எல்டிஎல் சுமார் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். தசைவலி மாதிரி தொந்தரவு வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம்.