ஒரு நாள் நல்ல வண்டி



கல்யாண வீட்டில் இரவல் நகை போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரவல் டயர் போட்டுக்கொண்டு நிற்கும் வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமல்ல, அந்த டயரை மாட்டியவர்களில் நானும் ஒருவன்.

சேக்காட்டில் எங்கள் வீட்டிலிருந்து சி.டி.எச். ரோட்டுக்கு வரும் வழியில் ஒரு ஒர்க் ஷாப் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு லீவில் அங்கே ஹெல்பராகப் போனேன். ஒரு நாள் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடும் கேரவன் ஒன்று எஃப்.சி. வேலைக்கு வந்தது. பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ஏ.சி., கட்டில், மேக்கப் கண்ணாடி, பாத்ரூம் எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. வெளியே பளபளவென்று பெயிண்ட். அடியில் படுத்துப் பார்த்தால், ஜெனரேட்டர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரைத் தகடு துருப்பிடித்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"அண்ணே, தரை ஓட்டையா இருக்குண்ணே."

"அதான் உள்ளே மேட்டு போட்டிருக்குல்ல, தெரியாது. நீ லைட்டு எரியுதா பாரு தம்பி" என்றார் மேஸ்திரி.

வேறொரு வண்டியிலிருந்து நல்ல டயர்களைக் கழற்றி மாட்டினோம். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினோம். காலையில் போன வண்டி சாயந்திரம் சான்றிதழோடு திரும்பியது. டயர்களைக் கழற்றி உரியவரிடம் கொடுத்துவிட்டோம். ஓட்டை அப்படியே இருந்தது. அன்றைய கூலியை நானும் வாங்கினேன். இதை முதலில் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

சட்டத்தில் குறை இல்லையா என்றால், சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் பதிவு செய்யப்பட்ட வாகனமாகவே கருதப்படாது. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குமேல் ஆண்டுதோறும் சோதனை. ஆனால் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் 'போக்குவரத்து அல்லாத' வகையில் வருகிறது. அதன் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குள் எத்தனை கை மாறினாலும் எஃப்.சி. என்ற பேச்சே இல்லை.

என் கேள்வி வேறு. அந்தச் சான்றிதழ் எதற்குச் சான்று? குறிப்பிட்ட ஒரு நாளில், பார்த்த இடங்கள் மட்டும், பார்த்தவர் கண்ணுக்குச் சரியாக இருந்தன என்பதற்குச் சான்று. அவ்வளவுதான். நாமோ அதை வருஷம் முழுவதும் உயிர் காக்கும் தாயத்தாக நினைத்துக்கொள்கிறோம்.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் நடந்ததை மறக்க முடியுமா? பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி ரோட்டில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் சான்றிதழ் இருந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு சிறப்பு விதிகள் கொண்டு வந்தது. ஒரு குழந்தையின் உயிர் போன பிறகுதான் நாம் குனிந்து தரையைப் பார்த்தோம்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். பிரேக் பிடிக்காமல் போகவில்லை, டயர் வெடிக்கவில்லை, வண்டி ஓடவே இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து காரணம் சொன்னார்கள்: ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்ஸைடு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. நிறமும் வாசனையும் இல்லாத விஷம் அது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் விரல் விட்டுப் பார்த்த ஓட்டைதான் கண் முன்னே வந்தது.

"இனிமே மெஷின்தான் டெஸ்ட் பண்ணப் போவுது, எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள் சிலர். 2021 செப்டம்பரில் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதிகள் வெளியிட்டது. ரோலர்மேல் ஏற்றி ஒவ்வொரு ஆக்ஸிலின் பிரேக்கையும் அளப்பது நல்லதுதான், வரவேற்கிறேன். மெஷினுக்கு முகதாட்சண்யம் கிடையாது. ஆனால் டயர் இரவலா சொந்தமா என்று ரோலருக்குத் தெரியுமா? மேட்டைத் தூக்கிப் பார்க்க மெஷினுக்குக் கை உண்டா? அங்கேயும் கண்ணால் பார்க்க வேண்டியதை மனிதன்தான் பார்க்க வேண்டும்.

வண்டிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. "வண்டி நாலு நாள் நின்னா டியூ யாரு கட்டறது?" என்று அவர் கேட்பது பொய்யில்லை. அதனால்தான் சொல்கிறேன், தண்டனையைக் கூட்டினால் மட்டும் போதாது. மறைப்பதற்கு இடமே இருக்கக் கூடாது. பிரிட்டனில் வண்டி நம்பரைத் தட்டினால் போதும், அந்த வண்டி எந்தெந்த ஆண்டு எம்.ஓ.டி. சோதனையில் எதற்காகத் தோற்றது, எதைச் சீக்கிரம் மாற்றச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். நம் ஊரில் ஆப்பில் பார்த்தால் எஃப்.சி. எதுவரை என்று ஒரு தேதி வருகிறது. அந்த ஒரு தேதியை நம்பித்தான் பழைய கேரவனுக்கு லட்சக்கணக்கில் பணம் எண்ணி வைக்கிறோம்.

என் யோசனை மூன்று. ஒன்று, 'தகுதி' என்ற ஒரே வார்த்தைக்குப் பதிலாகப் பிரேக் அளவு, டயர் நம்பர், கண்ட குறைகள் எல்லாவற்றையும் அச்சடித்து எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். டயர் நம்பர் பதிவானால் இரவல் டயர் ஒழியும். இரண்டு, ஆள் தூங்கும் வண்டிக்குத் தரை, ஜெனரேட்டர், ஒயரிங், கேஸ் சிலிண்டர் நான்கையும் தனியாகச் சோதிக்க வேண்டும். சொந்த வண்டியானாலும் கை மாறும்போது இந்தச் சோதனை வேண்டும். மூன்றாவது, நமக்கு.

மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு என்ன படிப்பு கேட்கிறார்கள் தெரியுமா? ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ. அதாவது நாம்! எஃப்.சி.க்கு வண்டியை ஜோடிக்கிறவனும் நம்மில் ஒருவன், நாளைக்கு அதில் கையெழுத்துப் போடப் போகிறவனும் நம்மில் ஒருவன். இரண்டு பக்கமும் நாமே இருக்கும்போது யாரைக் குற்றம் சொல்வது?

அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு வைக்க அரை நாள் வேலை. "இதை அடைக்காம நான் டயரைத் தொட மாட்டேண்ணே" என்று அன்று சொல்லியிருந்தால் மேஸ்திரி திட்டியிருப்பார், ஒரு நாள் கூலி போயிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம். அந்தக் கேரவன் இன்றைக்கு எந்த ஊரில் நிற்கிறதோ, உள்ளே யார் தூங்குகிறார்களோ, எனக்குத் தெரியாது.

நண்பர்களே, சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேட்டைத் தூக்கிப் பார்ப்போம்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்