நாளை என்னும் போர்வை

"இன்ஷா அல்லாஹ், நாளை பார்த்துக்கொள்ளலாம்." நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம் இது. இறைநாட்டத்தை முன்னிறுத்தும் தூய சொல்லை, நம் தயக்கத்தை மூடும் போர்வையாக நாம் ஆக்கிவிட்டோம். விடுபட்ட ரமளான் நோன்புகளைக் களாச் செய்வது, ஸகாத் கணக்கை எழுதுவது, வஸிய்யத்தைப் பதிந்துவைப்பது, வாங்கிய கடனைத் திருப்பித் தருவது என அனைத்தும் அந்தப் போர்வைக்குள் உறங்குகின்றன.

ஆந்திர எல்லையோரத்துப் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் வாழும் நமக்கு விசைத்தறியின் ஓசை புதிதன்று. இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சிட்டு, மீண்டும் ஓட்டுவார்கள். அறுந்ததைக் கவனியாது ஓட்டினால் துணி பழுதாகும். அறுந்துவிட்டதே என்று கலங்கி நின்றால் நெசவே நடவாது. அமல்களில் நாம் செய்வதோ இவ்விரண்டையும்தான்.

தள்ளிப்போட்ட ஒருவரின் வாக்குமூலம் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் பயணம். கடும் வெயில், கனிகள் பழுத்திருந்த பருவம். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களிடம் உடல் வலிமையும் வசதியும் இருந்தன. தினமும் காலையில் ஆயத்தமாகப் புறப்படுவார். எதையும் செய்யாமல் திரும்புவார். நினைத்தால் முடியும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே படை புறப்பட்டுப் போயிற்று.

நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும், பின்தங்கிய எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குகளைச் சொல்லித் தப்பித்தனர். நாவன்மை மிக்க கஅபோ, தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஐம்பது நாள்கள் ஊர் அவரோடு பேசவில்லை. அந்நாள்களிலும் அவர் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆறுதல் கூறித் தன்பால் அழைத்த கஸ்ஸான் மன்னனின் கடிதத்தை அடுப்பிலிட்டார். இறுதியில், அவருடைய தவ்பா ஏற்கப்பட்ட செய்தி அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனமாக இறங்கியது.

தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்பதை இங்கே நாம் கற்கிறோம். 'நான் இப்படித்தான்' என்று குறைக்குப் பட்டயம் எழுதுவதன்று அது. 'நான் தவறினேன், ஆயினும் என் இறைவனின் வாசலை விட்டு விலகமாட்டேன்' என்று நிற்பதே அது.

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் சோம்பலன்று, வெட்கமே. பத்து நோன்பு பாக்கியிருந்தபோது தொடங்கியிருக்கலாம். அது நாற்பதான பின் எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது. கூச்சத்தால் ஒதுங்குகிறோம், ஒதுங்குவதால் பாக்கி வளர்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே, தம்மீதிருந்த ரமளான் நோன்புகளை ஷஅபானில்தான் நிறைவேற்ற இயன்றது என்று ஒளிவின்றிக் கூறியிருக்கிறார்கள். அப்படியிருக்க, நமக்கு ஏன் கூச்சம்?

வீட்டில் மனைவியோ மகளோ தன் பாக்கியைச் சொன்னால், "இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்று கேட்பதை விடுவோம், "எந்தக் கிழமை உனக்கு வசதி? ஸஹருக்கு நாங்களும் எழுகிறோம்" என்போம். குறைவாயினும் விடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள்.

இன்றிரவே ஒரு தாளில் நம் பாக்கியை உள்ளபடி எழுதுவோம். அதில் ஒன்றை மட்டும் இந்த வாரமே நிறைவேற்றுவோம், இன்ஷா அல்லாஹ். இம்முறை அச்சொல்லை அதன் உண்மைப் பொருளிலேயே சொல்வோம்.