தையல் பிரிந்ததற்கு யாரை அடிக்க வருகிறீர்கள்?

பிரசவ வார்டு செவிலியர்கள் பொதுமக்களுக்கு விடுக்கும் வேண்டுகோள்.

போன வாரம் எங்கள் வார்டு வாசலில் நடந்த ரகளை ஊரறிந்தது. சிசேரியன் முடிந்து பன்னிரண்டாம் நாள், தையல் பிரிந்து சீழோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். 'தையல் போட்டவளைக் கூப்பிடு' என்ற கூச்சலோடு கதவுக் கண்ணாடி நொறுங்கியது. கட்டைப் பிரித்தால் மஞ்சள் பத்து காய்ந்து ஒட்டியிருக்கிறது. சீழ் வைத்து ஐந்து நாளாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் தவறே நடக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. கத்தி வைக்கும் முன் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசி தள்ளிப்போனாலும், கை கழுவுவதில் அசட்டை இருந்தாலும் புண் கெடும். கேள்வி கேளுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுக்க 21.5தான். இத்தனை பேருக்கு வயிற்றில் தையல். அதே கணக்கெடுப்பில் நம் மாநிலக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த உடம்பில் புண் எப்படி ஆறும்? அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் காலியாகிறது, இரும்புச்சத்து டானிக் சீல் உடையாமல் கிடக்கிறது. சர்க்கரை இருந்தால், உடல் எடை கூடினால் ஆபத்து இன்னும் அதிகம். பனிக்குடம் உடைந்த பிறகும் ராகு காலம் கழியட்டும் என்று உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறீர்கள். முந்தின இரவே பிளேடால் சிரைத்து அனுப்புகிறீர்கள். அந்தக் கீறல்களில்தான் கிருமி தங்கும். பிளேடால் சிரைக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது.

பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் சீழ் பிடிக்கும், பருப்பு ஆகாது என்று பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடும் பெரியவர்களே, எந்த டாக்டர் சொன்னார் உங்களுக்கு? புண் ஆற முட்டையும் பருப்பும் வேண்டும். தண்ணீரும் வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து 30 நாள் வரை தையலைத் தினமும் பாருங்கள். சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கூட்டிவாருங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் நாங்கள் இருப்போம்.

கண்ணாடி உடைக்க வருகிறவர்களுக்கு ஒன்று: மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கென்றே இந்த மாநிலத்தில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இனி சமரசம் கிடையாது, புகார்தான்.