எடையைக் கேட்கும் உரிமை யாருக்கு?



2025 நவம்பரில், சென்னைச் செய்தியாளர் சந்திப்பில், தன் எடை பற்றிய கேள்வியை நடிகை கௌரி கிஷன் நேருக்கு நேர் கண்டித்தார். ஷேர் ஆட்டோவில் ‘ரெண்டு பேர் இடம்’ என்ற முணுமுணுப்பைக் கேட்கும் வியாசர்பாடிப் பெண்ணுக்கு அந்தத் துணிச்சல் எளிதில் வராது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினருக்கு அதிக எடை. எடை கூடினாலே சோம்பேறி என்கிறார்கள்; இத்தனை பேருமா சோம்பேறிகள்?

எடை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது, பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் மெலிந்த 14 பேரை ஆறாண்டு கழித்துச் சோதித்தார்கள். 13 பேருக்கு எடை மீண்டும் ஏறியிருந்தது. இதை மன உறுதிக் குறைவு என்பது அநியாயம்.

கேலிக்குப் பதில் உதவிதான் தேவை. எங்கள் வியாசர்பாடி சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாளாவது உணவு ஆலோசனை கிடைக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை-39