சுவரை வெட்டும் முன்

வன்னிப் பெருநிலத்திலே வீடு என்பது ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளன்று. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் மீளக் குடியமர்ந்தோர் முதலில் தகரக் கொட்டில்களில் ஒதுங்கினர். 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஐந்தரை இலட்சம் ரூபா பெற்ற குடும்பங்கள் தாமே முன்னின்று சிறு வீடுகளை எழுப்பின. இன்று பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், பெற்றோர் மூப்படைந்துவிட்டனர். ஆகவே அவ்வீடுகளோடு ஓர் அறையையோ குளியலறையையோ ஒட்டிக் கட்டவேண்டிய காலம் வந்துவிட்டது.

எமது தாயாருக்கு முழங்கால் நோவு. மாரி இரவிலே, டோர்ச் வெளிச்சத்தில் முற்றத்தைக் கடந்து மலசலகூடத்துக்குச் செல்வது அவருக்கு இயலாததாயிற்று. படுக்கையறையை அடுத்துக் குளியலறை அமைக்கத் துணிந்தோம். மேசனார் கைகழுவும் தொட்டியின் குழாயைப் புதைப்பதற்காகச் சுவரிலே கிடையாக ஆறடி நீளத்துக்குத் தவாளிப்பு வெட்டினார். நாம் தேநீர் அருந்தியவாறே பார்த்திருந்தோம். மூன்றாம் நாள், யன்னல் மூலையிலிருந்து முகட்டை நோக்கி மயிரிழைபோல் ஒரு வெடிப்பு! பௌதிகம் கற்பிக்கும் எமக்கு அது தந்த வெட்கம் சிறிதன்று.

நம் சிறு வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்குக் கொங்கிறீற்றுத் தூண்கள் இல்லை. கூரையின் பாரம் சுவரில் இறங்கி, சுவர் வழியே அத்திவாரத்தைச் சேர்கிறது. கிடையாக வெட்டும்போது, வெட்டிய நீளம் முழுவதிலும் சுவர் மெலிந்துவிடுகிறது. பாரமும் ஒருபக்கமாய்ச் சாய்கிறது. நிலைக்குத்தாக வெட்டுவதால் இவ்வளவு கேடில்லை. பிரித்தானியக் கட்டட வழக்கிலே நிலைக்குத்துத் தவாளிப்பு சுவர்த் தடிப்பின் மூன்றிலொரு பங்கையும், கிடைத் தவாளிப்பு ஆறிலொரு பங்கையும் மீறலாகாது. 6 அங்குலச் சுவருக்கு இவை முறையே 2 அங்குலமும் 1 அங்குலமுமாம். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லாயின் இதுவும் ஆபத்தே. மலசலகூடக் குழாயோ 4 அங்குல விட்டமுடையது. அதனைச் சுவருக்குள் புதைக்க எண்ணுவதே தவறு.

மரச்சட்டங்களால் வீடு கட்டும் அமெரிக்காவிலும் இதே தொல்லை உண்டு. பாரந்தாங்கும் தனிச் சட்டமொன்றில் அதன் அகலத்தின் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் துளையிடலாகாது என்பது அவர்கள் விதி. மூன்றரை அங்குலச் சட்டத்தில் அது 1.4 அங்குலம், 2 அங்குலக் கழிவுக் குழாய்கூட நுழையாது.

அவ்வாறாயின் குழாயை எங்ஙனம் கொண்டு செல்வது? சுவரை நெடுக வெட்டாது, குறுக்கே துளைத்து வெளியேற்றுதல் வேண்டும். மூலை, கதவு யன்னல் நிலைகளின் அருகு, வளைமரம் வந்திறங்கும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று. 4 அங்குலக் குழாயாயின் துளைக்கு மேலே சிறு லிண்டல் வைத்து, சற்றே பெரிய உறைக்குழாயொன்றின் உள்ளே அதனைச் செலுத்தினால், சுவர் சிறிது இறங்கினாலும் குழாய் நொறுங்காது. வாட்டம் நாற்பதுக்கு ஒன்று, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம். தரை போடுமுன்னரே இதைக் கணக்கிடாதவர் பின்னர் தரையை உடைக்க நேரிடும்.

எமது வீட்டில் தவாளிப்பை நனைத்துச் சீமெந்துச் சாந்தால் இறுக நிரப்பினோம். தொட்டிக் குழாயைச் சுவரின் வெளிப்புறத்தே பிடிகளால் பொருத்தி, வெயிலில் நொய்ந்துபோகாதிருக்க வர்ணமும் பூசினோம். பார்வைக்கு அழகில்லை என்று தாயார் இன்னும் குறைகூறுகிறார். வெடிப்பின் முனையிலே பென்சிலாற் கோடிட்டுத் திகதியும் எழுதி வைத்தோம். இரண்டு மாரி கடந்துவிட்டது. வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.