குலத்தொழில் ஒப்பாரி

கிராமக் கைத்தொழில்கள் நசித்துப் போகின்றன என்று எங்கு பார்த்தாலும் ஒரே ஒப்பாரியாயிருக்கின்றது. குயவர் சக்கரம் நின்றுவிட்டதாம். கொல்லர் உலை அவிந்துவிட்டதாம். நின்றதும் அவிந்ததும் மெய்தான். ஆனால், அழுகின்ற கனவான்களை நாம் ஒன்று கேட்கின்றோம். உங்கள் பிள்ளையை அந்தச் சக்கரத்தின் முன் உட்கார வைக்கச் சம்மதிப்பீர்களா?

பானை வனைவது லேசான காரியமல்ல. குளத்து மண்ணை வெட்டிச் சுமந்து, கல் பொறுக்கி, மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்தி, வனைந்து, தட்டி, நிழலில் உலர்த்திப் பிறகு சூளை வைக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்ணும் காயாது, சூளையும் எரியாது, அடுப்பும் எரியாது. இத்தனை வித்தை அறிந்தவருக்கு ஊர் கொடுத்த பரிசு, களத்து மேட்டில் கொஞ்சம் நெல்லும் "அடே" என்கின்ற அழைப்புந்தானே! மானாமதுரைக் கடம் சங்கீத மேடை ஏறிற்று; அதை வனைந்த கைக்கு அங்கே நாற்காலி போட்டவர் யார்?

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்து கெடுத்தன என்கின்றார்கள். இருக்கலாம். ஆனால், அந்த ஜாதியில் பிறந்தவனைத் தவிர வேறொருவன் உள்ளே வரக்கூடாது, பிறந்தவன் வெளியே போகவும் கூடாது என்று வேலி போட்ட தொழிலில் புதிய யோசனை எந்த வழியாய்ப் புகும்?

1953-ல் இராஜாஜியார் கிராமப் பள்ளிகளில் படிப்பை மூன்று மணி நேரமாக்கி, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். நாடு கொதித்தது, 1954-ல் காமராசர் அதை ஒழித்தார். பின்னர், 2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு 18 தொழில்களுக்கு ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தது. பெயர் விசுவகர்மா! வயது 18 ஆனால் போதும். குடும்பப் பரம்பரைத் தொழிலாக மட்டும் இருக்கவேண்டுமாம். காலேஜுக்குப் போகவேண்டிய வயதில் கையில் சுத்தியலைக் கொடுப்பதற்குக் கடன் என்று பெயரா? தமிழ்நாட்டு அரசு 2024-ல் இதை ஏற்க மறுத்து, 2025-ல் 25 தொழில்களுக்குத் தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் வயது 35-க்கு மேல். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. இதை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆனாலும் இது போதாது. மண் வேலையும் இரும்பு வேலையும் ஆணுக்கும் பெண்ணுக்கும், எந்த ஜாதிக்கும், மற்றப் பாடங்களைப்போலத் தொழிற்பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கப்படட்டும். கைதேர்ந்த கிழவர் ஒருவரை அங்கே வாத்தியாராக்கி, மாதச் சம்பளம் கொடுத்து, "ஐயா" என்று பிள்ளைகள் கூப்பிடட்டும். அன்றைக்கு அக்கிரகாரத்துப் பையன் ஒருவன் சேற்றை மிதித்துக்கொண்டு நின்றால், கைத்தொழிலுக்காக அழுகின்றவர்களுடன் நாமும் சேர்ந்து பேசத் தயார்.